தைராய்டுக்குக் கடற்பாசி மாத்திரை வாங்கலாமா?

கேள்வி: எனக்கு 46 வயது. ஹாஷிமோட்டோ என்னும் தைராய்டு குறைபாட்டுக்காக ஈராண்டாக லெவோதைராக்சின் சாப்பிட்டு வருகிறேன். எனக்கு முடி கொட்டுவதைக் கண்ட தோழி ஒருவர், தாம் விற்கும் கடற்பாசி மாத்திரையை 168 வெள்ளிக்குத் தந்தார். ஒரு மாத்திரையில் அயோடின் 500 மைக்ரோகிராமும் செலினியம் 200 மைக்ரோகிராமும் இருப்பதாகப் போத்தலில் அச்சிட்டிருக்கிறது. நாளுக்கு இரண்டு சாப்பிட வேண்டும், வீட்டு உப்பையும் இந்துப்பாக மாற்ற வேண்டும் என்கிறார். செய்யலாமா?
– வாசகி, செந்தூல், கோலாலம்பூர்

பதில்: அம்மா, போத்தலைத் திறக்காமல் வைத்திருங்கள். அதில் அச்சிட்டுள்ள எண்களே அதற்குக் காரணம். வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்குத் தேவையான அயோடின் 150 மைக்ரோகிராம். உங்கள் இரண்டு மாத்திரைகளில் இருப்பதோ 1,000. செலினியத்தின் தேவை 55 மைக்ரோகிராம். அமெரிக்க அளவுகோலின்படி அதன் உச்ச வரம்பான 400 மைக்ரோகிராமை, மீனும் முட்டையும் தட்டில் விழுமுன்பே அந்த இரண்டு மாத்திரைகள் எட்டிவிடுகின்றன. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு 2023இல் அந்த வரம்பை 255ஆகவே குறைத்துவிட்டது.

தைராய்டுச் சுரப்பி ஹார்மோனை உருவாக்க அயோடின் வேண்டும். அந்த ஹார்மோனை உடல் பயன்படுத்தும் வடிவத்துக்கு மாற்றும் நொதிகளுக்குச் செலினியம் வேண்டும். இரண்டும் இன்றியமையாதவை என்பதில் ஐயமில்லை. ஆனால் ஹாஷிமோட்டோவில் அயோடின் பற்றாக்குறை பொதுவாக நோய்க்குக் காரணம் அன்று. உடலின் எதிர்ப்பாற்றலே சுரப்பியைத் தாக்குகிறது. அப்படிப் புண்பட்ட சுரப்பியில் அயோடினைக் கொட்டினால் அது மேலும் மந்தமாகக்கூடும். நீங்கள் சாப்பிடும் லெவோதைராக்சினோ, சுரப்பி செய்ய வேண்டிய ஹார்மோனையே நேராகத் தருகிறது. இந்த நோயில் உடல் தைராய்டுக்கு எதிராக உருவாக்கும் எதிர்ப்பொருள்களின் அளவைச் செலினியம் சில ஆய்வுகளில் குறைத்தது உண்மைதான். ஆனால் அதனால் லெவோதைராக்சினின் அளவைக் குறைக்க முடியும் என்று உறுதியாகவில்லை.

என்னை மிகவும் கவலைப்படுத்துவது இதுதான்: செலினியம் மிகுந்தாலும் முடி கொட்டும், நகம் உடையும், மூச்சில் பூண்டு வாடை வீசும். முடி கொட்டுவதைத் தைராய்டின் வேலை என்று எண்ணி மேலும் மாத்திரை விழுங்குபவர்களும் இருக்கிறார்கள். 2008இல் அமெரிக்காவில் ஒரு திரவச் சத்துமருந்தில் அச்சிட்ட அளவைப்போல் ஏறத்தாழ 200 மடங்கு செலினியம் கலந்துவிட்டதால் 201 பேர் பாதிக்கப்பட்டார்கள். போத்தலில் எம்.ஏ.எல். என்று தொடங்கும் பதிவெண்ணும் ஒளிப்படிமச் (ஹோலோகிராம்) சீட்டும் இருக்கின்றனவா என்று பாருங்கள். பதிவெண் இருந்தால், மலேசியாவின் தேசிய மருந்தக ஒழுங்குமுறை முகமையின் இணையத்தளத்தில் அதைத் தேடி, பெயர் பொருந்துகிறதா என்றும் சரிபாருங்கள். எண் இல்லையென்றால் விற்றவரிடமே திருப்பிக் கொடுத்துப் பணத்தைக் கேளுங்கள். பதிவெண் இருந்தாலும், அந்த அளவு உங்களுக்குத் தகும் என்று அதற்குப் பொருளில்லை.

உப்பைப் பொறுத்தவரை, மளிகைக்கடையில் சாதாரணத் தூளுப்புப் பையைத் திருப்பிப் பாருங்கள்; மலாயில் 'காராம் பெரியோடின்' (அயோடின் சேர்த்த உப்பு) என்று இருக்கும். கிலோவுக்கு 30 மில்லிகிராம் அயோடின் என்று வைத்துக்கொண்டால், ஒரு தேக்கரண்டி அளவான 5 கிராமிலேயே 150 மைக்ரோகிராம் கிடைத்துவிடுகிறது. பல மடங்கு விலை கொடுத்து வாங்கும் இந்துப்பில் பெரும்பாலும் அயோடின் சேர்ப்பதில்லை. ஆகவே உங்கள் தோழி சொல்லும் ஏற்பாட்டில், மலிவாகக் கிடைக்கும் அயோடினை நீக்கிவிட்டு, தேவைக்கு மீறிய அயோடினை விலை கொடுத்து வாங்குகிறீர்கள். கெம்போங் மீனும் முட்டையும் சமைக்கும் வீட்டில் செலினியத்துக்கும் தனிப் போத்தல் வேண்டியதில்லை.

முடி கொட்டுவதை மருத்துவரிடம் சொல்லி, டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) அளவையும் இரும்புச்சத்தையும் சோதிக்கச் சொல்லுங்கள். முடிக்கென்று பயோட்டின் என்னும் பி வைட்டமின் கலந்த மாத்திரை ஏதேனும் சாப்பிடுகிறீர்களானால் அதையும் மறைக்காதீர்கள். தைராய்டு இரத்தப் பரிசோதனையின் முடிவையே அது பிழையாகக் காட்டக்கூடும். இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கும் லெவோதைராக்சினுக்கும் இடையே நான்கு மணி நேரம் விடுங்கள்.