குதிகால் வலி: "ஃபேசியா ஒட்டிவிட்டது" என்று 20 சிட்டிங் விற்கிறார்கள், வாங்கலாமா?

கேள்வி: மும்பை சயானில் டிபன் கடை நடத்துகிறேன். வயது 47. விடிகாலை 4 மணியிலிருந்து மதியம் வரை நின்றபடியே வேலை. நான்கு மாதமாக வலது குதிகாலில் வலி. காலையில் கட்டிலை விட்டு இறங்கி முதல் அடி வைக்கும்போது ஆணி ஏறினாற்போல் இருக்கிறது. கொஞ்சம் நடந்ததும் குறைகிறது. எங்கள் குடியிருப்பு சொசைட்டியில் நடந்த இலவச முகாமில் ஒரு தகட்டின்மேல் நிற்கவைத்துப் பார்த்து, ஒரு கிளினிக்குக்கு அனுப்பினார்கள். "உள்ளங்கால் ஃபேசியா சுருங்கி ஒட்டிப்போயிருக்கிறது, கையாலும் ஸ்டீல் கருவியாலும் பிரித்துவிட வேண்டும், 20 சிட்டிங் ஆகும்" என்கிறார்கள். 24,000 ரூபாய், இந்த வாரமே கட்டினால் 18,000. 2,000 முன்பணம் கொடுத்துவிட்டேன். இதற்கு நிறைய ஆராய்ச்சி இருப்பதாகச் சொல்கிறார்கள். உண்மையா? மீதியைக் கட்டலாமா?

பதில்: மீதியைக் கட்டாதீர்கள். ஆராய்ச்சி இருப்பது உண்மைதான். அதற்கும் அவர்கள் விற்கும் 20 சிட்டிங்குக்கும் சம்பந்தம் குறைவு.

முதலில் ஃபேசியா என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். கமலா ஆரஞ்சை உரித்தால் சுளைகளுக்கு மேலும் இடையிலும் வெள்ளையாக ஒரு சவ்வு வருகிறதே, அது மாதிரி நம் தசைகளைச் சுற்றியும் இடையிலும் ஓடும் சவ்வுதான் ஃபேசியா. தமிழில் திசுப்படலம் என்பார்கள். சில இடங்களில் அது மெல்லிய உறை. சில இடங்களில் பெல்ட் மாதிரி தடித்த பட்டை. உள்ளங்காலில் இருப்பது இரண்டாவது ரகம். குதிகால் எலும்பில் தொடங்கி விரல்களின் அடிவரை போகிறது. நாற்காலியில் உட்கார்ந்து வலது காலைத் தூக்கி இடது முட்டியின்மேல் போடுங்கள். ஒரு கையால் கால் கட்டைவிரலை முகத்துக்கு நேராக மேலே மடக்குங்கள். இன்னொரு கைவிரலால் உள்ளங்கால் வளைவைத் தடவுங்கள். தோலுக்கு அடியில் கயிறு மாதிரி விறைத்து நிற்கிறதா? அதுதான். விரலை விட்டால் தளரும், மடக்கினால் விறைக்கும். நீங்கள் ஒவ்வோர் அடி எடுத்து வைக்கும்போதும் அது இந்த வேலையைச் செய்கிறது. முதல் அடியில் ஆணி ஏறும் உங்கள் வலி, இந்தப் பட்டை குதிகால் எலும்பில் பிடித்திருக்கும் இடத்தில் வருவதுதான். நீங்கள் எழுதியிருக்கும் விதத்தை வைத்தே பெரும்பாலும் சொல்லிவிடலாம், ஸ்கேன்கூடத் தேவைப்படாது. எக்ஸ்ரேயில் எலும்பு முள் தெரிந்தாலும் பயப்படாதீர்கள். வலியே இல்லாத எத்தனையோ பேருக்கு அந்த முள் இருக்கிறது.

இனி ஆராய்ச்சி. நாங்கள் பிசியோதெரபி படித்த காலத்தில் உடற்கூறு வகுப்பில் தசையைச் சுத்தமாகக் காட்டுவதற்காக முதலில் வழித்து எறிந்தது இந்தச் சவ்வைத்தான். அப்படி எறிந்ததைத் திரும்ப எடுத்துப் பார்த்தவர்கள் சிலர் உண்டு. இத்தாலியில் படுவா பல்கலைக்கழகத்தின் கார்லா ஸ்டெக்கோ சவ்வின் அடுக்குகளுக்கு இடையே வழுவழுப்பான ஹையலுரோனன் என்ற பொருள் இருப்பதையும், அதனால் அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்குவதையும் ஆராய்ந்தவர். 2007ல் பாஸ்டனில் ஃபேசியாவுக்கென்றே முதல் சர்வதேச மாநாடு நடந்தது. 2011ல் ஹெலன் லாங்கவின் குழு அல்ட்ராசவுண்டில் பார்த்தபோது, நாள்பட்ட இடுப்பு வலி உள்ளவர்களின் முதுகுச் சவ்வில் இந்த வழுக்கல் மற்றவர்களைவிடச் சுமார் 20 சதவீதம் குறைவாக இருந்தது. நல்ல ஆய்வு. ஆனால் வழுக்கல் குறைந்ததால் வலி வந்ததா, வலியால் அசையாமல் இருந்து வழுக்கல் குறைந்ததா என்பதை அது சொல்லவில்லை. அது இடுப்பைப் பற்றியது, குதிகாலைப் பற்றியதல்ல என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கிளினிக் சுவரில் "மனித உடலில் புதிய உறுப்பு கண்டுபிடிப்பு" என்ற செய்தியை லேமினேட் செய்து மாட்டியிருந்தாலும் ஆச்சரியப்பட மாட்டேன். 2018ல் வந்த கட்டுரை அது. இணைப்புத் திசுவுக்குள் நீர் நிறைந்த இடைவெளிகள் இருப்பதைப் பற்றியது. பத்திரிகைகள் அதை உறுப்பாக்கின, கிளினிக்குகள் அதைச் சிட்டிங் ஆக்கிவிட்டன.

சரி, கையால் பிரிக்க முடியுமா? இதற்கும் ஆய்வு இருக்கிறது. அதைமட்டும் யாரும் லேமினேட் செய்வதில்லை. 2008ல் சௌத்ரி என்பவரும் சகாக்களும் கணித மாதிரி ஒன்றைக் கட்டி, கையால் தரும் அழுத்தம் ஃபேசியாவை எவ்வளவு உருமாற்றும் என்று கணக்குப் போட்டார்கள். உங்களுக்கு வலிக்கிறதே, அதே உள்ளங்கால் பட்டையை ஒரே ஒரு சதவீதம் அமுக்குவதற்குத் தேவைப்படும் விசை சுமார் 852 கிலோ எடைக்குச் சமம் என்று வந்தது. நம் ஊர் ரோட்டில் ஓடிய பழைய பத்மினி டாக்ஸி ஏறக்குறைய அந்த எடை இருக்கும். டாக்ஸியைக் காலில் நிறுத்தினால் ஒரு சதவீதம். பிசியோதெரபிஸ்ட்டின் கட்டைவிரல் எம்மாத்திரம்?

அப்படியானால் கையால் செய்யும் சிகிச்சை சும்மாவா என்று கேட்பீர்கள். சும்மா இல்லை. நானே தினமும் செய்கிறேன். இறங்கிப்போகும்போது வலி குறைந்திருக்கும், அதுவும் பொய்யில்லை. காரணம்தான் வேறு. ஃபேசியாவில் நரம்பு முனைகள் ஏராளம். அழுத்தம் கொடுத்ததும் அவை மூளைக்குச் செய்தி அனுப்ப, மூளை விறைப்பைத் தளர்த்தி வலியைக் கொஞ்ச நேரம் தணித்து வைக்கிறது. இதை நான் கண்டுபிடித்துச் சொல்லவில்லை. அமெரிக்காவில் ஐடா ரோல்ஃப் தொடங்கிய ரோல்ஃபிங் என்ற கையால் அழுத்தும் சிகிச்சை முறையில், அழுத்தினால் ஃபேசியா கூழ்போல் இளகும் என்று ஒரு விளக்கம் இருந்தது. அதே முறையைக் கற்றுக்கொடுத்துவந்த ராபர்ட் ஷ்லைப்தான் 2003ல், இந்த விளக்கம் போதாது, நரம்பு மண்டலத்தைப் பாருங்கள் என்று எழுதினார். அப்புறம் அவரே ஆராய்ச்சியாளராகவும் மாறினார். ஆக, "ஒட்டியதைப் பிரிக்கிறேன்" என்பது அந்த வீட்டுக்காரரே கேள்வி கேட்ட கதை. ஸ்டீல் தகட்டால் சுரண்டிச் சிவக்க வைப்பதும், கப்பிங் என்று உறிஞ்சும் கிண்ணங்களை வைத்து வட்ட வட்டமாகக் கன்ற வைப்பதும் அந்தக் கதைக்குப் போட்ட வேஷம். தோல் சிவந்தால் உள்ளே ஏதோ நடந்துவிட்டதாக நமக்கும் ஒரு திருப்தி.

இன்னொன்று. இந்தக் குதிகால் வலி பெரும்பாலானவர்களுக்கு ஒரு வருடத்துக்குள் தானாகவே தணியும். உங்களுக்கு நான்கு மாதம் ஓடிவிட்டது. வாரத்துக்கு இரண்டாக 20 சிட்டிங் போனால் இன்னும் இரண்டரை மாதம் ஓடும். அதற்குள் வலி குறைந்தால் பெயர் யாருக்குப் போகும்?

இப்போது அந்த முகாமுக்கு வருகிறேன், எனக்குக் கோபம் வருவதே அங்கேதான். ஞாயிற்றுக்கிழமை காலை, சொசைட்டி ஹாலில் ஒரு பேனர், டேப்லெட் வைத்த இரண்டு பையன்கள், கால் வைக்க ஒரு தகடு. ஏறி நின்றால் திரையில் குதிகாலும் முன்பாதமும் சிவப்பாகத் தெரியும். நின்றால் எடை எங்கே இறங்கும்? அங்கேதான். யார் ஏறினாலும் சிவக்கும். "ஆன்ட்டி, பாருங்க, உங்க பிரஷர் பாயின்ட்" என்பார்கள். அந்தப் பையன்கள் பிசியோதெரபிஸ்ட்டுகள் இல்லை. ஆள் பிடித்துக் கொடுக்க வருகிறவர்கள். நீங்கள் கட்டும் 18,000ல் அவர்களுக்கு ஒரு பங்கு, ஹாலை ஏற்பாடு செய்துகொடுத்தவருக்கு ஒரு பங்கு. அனுப்பி வைப்பது டாக்டராக இருந்தால் பங்கு இன்னும் பெரிது. மும்பையில் இதற்குப் பெயரே "கட்". டாக்டர்கள் இப்படிக் கமிஷன் வாங்கக் கூடாது என்று 2002ம் வருட நடத்தை விதியிலேயே இருக்கிறது. 2017ல் மகாராஷ்டிர அரசு இதைத் தடுக்கத் தனிச் சட்டத்துக்கு வரைவுகூடத் தயாரித்தது. வரைவு வரைவாகவே கிடக்கிறது. என்னிடமும் வந்தார்கள். ஆளுக்கு இவ்வளவு என்று ரேட் கார்டே வைத்திருந்தார்கள். வேண்டாம் என்றேன். அடுத்த தெருவுக்குப் போனார்கள், அங்கே வேண்டாம் என்று சொல்லவில்லை.

"இந்த வாரம் மட்டும்" என்று தள்ளுபடி சொல்கிற வைத்தியத்தை விட்டு எழுந்து வந்துவிடுங்கள். நாலாவது சிட்டிங்கில் முன்னேற்றம் இல்லை என்றால் வழியை மாற்ற வேண்டியது எங்கள் வேலை. இருபதுக்கும் பணம் வாங்கிவிட்டவர் ஏன் மாற்றப்போகிறார்? அன்றன்றைக்கு அன்றைய பணத்தைக் கொடுங்கள். கருவியைக் கையில் எடுக்குமுன் பதிவு எண்ணைக் கேளுங்கள். மகாராஷ்டிராவில் பிசியோதெரபிஸ்ட்டுகளுக்கு மாநில கவுன்சில் இருக்கிறது. எண் இல்லாதவர் பிசியோதெரபிஸ்ட் இல்லை. இரண்டு நாள் பயிற்சியில் சான்றிதழ் வாங்கி "ஃபேசியா ஸ்பெஷலிஸ்ட்" என்று போர்டு மாட்டுகிறவர்களை யார் கேட்பது என்கிறீர்களா? நாடு முழுக்க ஒரே பதிவு முறைக்கு 2021ல் சட்டம் வந்தது. இரண்டு மாதத்துக்குள் நடைமுறைப்படுத்துங்கள் என்று 2024 ஆகஸ்ட்டில் உச்ச நீதிமன்றம் அதட்ட வேண்டியிருந்தது. இதுதான் நிலவரம்.

நீங்கள் செய்ய வேண்டியது இரண்டே பயிற்சி, இரண்டுக்கும் காசு கிடையாது. காலையில் கட்டிலிலிருந்து காலைக் கீழே வைக்குமுன், மேலே சொன்னபடி கால்மேல் கால் போட்டு விரல்களைப் பின்னால் மடக்கி 10 விநாடி பிடியுங்கள். இப்படி 10 தடவை. கடையில் கொஞ்சம் உட்கார்ந்து எழும்போது ஒருமுறை, சாயங்காலம் ஒருமுறை. இரண்டாவது, படிக்கட்டில் செய்வது. ஒரு துண்டை இறுக்கச் சுருட்டிப் படியின் விளிம்பில் வைத்து, விரல்கள் அதன்மேல் மடங்கியிருக்கும்படி முன்பாதத்தை ஊன்றுங்கள், குதிகால் வெளியே தொங்கட்டும். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு 3 விநாடியில் மேலே எழும்பி, 2 விநாடி நின்று, 3 விநாடியில் மெதுவாக இறங்குங்கள். ஒற்றைக் காலில் முடியாவிட்டால் இரண்டு காலிலும் தொடங்கலாம். 12 தடவை, மூன்று சுற்று, ஒருநாள் விட்டு ஒருநாள். டென்மார்க்கில் 48 பேரிடம் செய்து 2014ல் வெளிவந்த ஆய்வு இது. மூன்றாம் மாதத்தில் வெறும் நீட்டல் பயிற்சியைவிட நன்றாக இருந்தது. ஒரு வருட முடிவில் இரண்டு தரப்பும் ஏறக்குறைய ஒன்றுதான். அடுப்படியில் வெறுங்காலோடு கல் தரையில் நிற்காதீர்கள். குதிகால் கொஞ்சம் உயர்ந்த, மெத்தென்ற செருப்பு ஒன்றைக் கடைக்கென்றே வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டீராய்டு ஊசியை முதல் வழியாக எடுக்க வேண்டாம். வலி சீக்கிரம் அடங்கும், சிலருக்குப் பட்டையே அறுந்துபோவதுண்டு.

நீங்கள் சர்க்கரை பற்றி எழுதவில்லை. இருந்தால் இந்தப் பகுதியை இரண்டு தடவை படியுங்கள். தாராவியிலிருந்து ஒரு அண்ணாச்சி என்னிடம் வருவார், திருநெல்வேலிப் பக்கம். அவரும் குதிகால் வலி என்றுதான் வந்தார். யாரோ சொன்னார்கள் என்று தண்ணீர் பாட்டிலை உறைய வைத்து, டிவி பார்த்துக்கொண்டே முக்கால் மணி நேரம் உள்ளங்காலில் உருட்டியிருக்கிறார். மறுநாள் காலில் ரூபாய் நாணய அளவுக்குக் கொப்புளம். "சுருக்கென்றுகூட இல்லை டாக்டர், சுகமாத்தான் இருந்துச்சு" என்றார். "அண்ணாச்சி, சுகமா இருந்ததுதான் பிரச்சினையே" என்றேன். பதினைந்து வருட சர்க்கரையில் உணர்வு மழுங்கியிருந்தது. அந்தப் புண் ஆற இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது. அதே காலை ஸ்டீல் கருவியால் சுரண்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

அதனால் சர்க்கரை இருப்பவர்கள் வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். கண்ணை மூடிக்கொண்டு படுங்கள். வீட்டில் ஒருவர் உங்கள் இரண்டு கால்களிலும் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளை ஓரிரு விநாடி லேசாகத் தொடட்டும். அழுத்தக் கூடாது, தட்டக் கூடாது. தொட்டதும் எந்தக் கால் என்று நீங்கள் சொல்ல வேண்டும். மொத்தம் ஆறு இடம். இரண்டோ அதற்கு மேலோ தெரியவில்லை என்றால் ஐஸ், சுடுநீர், கருவி, உருட்டுப் பந்து எதுவும் வேண்டாம். முதலில் சர்க்கரை டாக்டரிடம் காலைக் காட்டுங்கள். எல்லாம் தெரிந்தாலும் வருடம் ஒருமுறை டாக்டரிடம் பாதத்தைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

பயிற்சியை ஆறு வாரம் ஒழுங்காகச் செய்தும் அசையவில்லை என்றால் உங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே சயான் மாநகராட்சி மருத்துவமனை இருக்கிறது, அங்கே பிசியோதெரபி பிரிவு உண்டு. பரேலில் கே.இ.எம். மருத்துவமனை இருக்கிறது, 1950களின் தொடக்கத்தில் நாட்டிலேயே முதல் பிசியோதெரபி பள்ளி வந்தது அங்கேதான். கேஸ் பேப்பர் என்ற நோயாளிச் சீட்டுக்கு வரிசையில் நிற்க வேண்டும், அதுவும் அந்தக் காலோடு. அதை நினைத்துத்தான் ஜனங்கள் ஏசி போட்ட கிளினிக்குக்கு ஓடுகிறார்கள். ஒரு முற்பகல் கடையை யாரிடமாவது ஒப்படைத்துவிட்டுப் போய் வாருங்கள்.

2,000 ரூபாயைத் திருப்பிக் கேளுங்கள். வாயால் கேட்காமல் வாட்ஸ்அப்பில் எழுதிக் கேளுங்கள்: சிகிச்சை எதுவும் எடுக்கவில்லை, முன்பணம் வேண்டும் என்று. ஒரு வாரத்தில் தராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுங்கள். ரசீது தரவில்லை என்றால் யுபிஐ செய்த ஸ்கிரீன்ஷாட்டை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.