பழைய பிரிண்டரைத் தூக்கிப் போட வேண்டாம்

கேள்வி: அண்மையில் வைஃபை 6 ரவுட்டர் வாங்கினோம். புதிய போன்களில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் 2011-ல் வாங்கிய பிரிண்டர் இணைய மறுக்கிறது. மகனின் பழைய லேப்டாப்பில் எங்கள் வைஃபையின் பெயரே தெரிவதில்லை. பழைய கருவி ஒன்று இருந்தாலே எல்லாக் கருவிகளின் வேகமும் இறங்கிவிடும் என்கிறார் கடைக்காரர். இரண்டையும் மாற்றிவிடலாமா?

பதில்: கடைக்காரர் சொன்னதில் கால் பங்குதான் உண்மை. ரவுட்டர் ஒவ்வொரு கருவியோடும் அதனதன் வேகத்தில்தான் பேசுகிறது. பிரிண்டருக்காகப் போனின் வேகத்தைக் குறைப்பதில்லை. பகிர்ந்துகொள்ளப்படுவது நேரம். 1,500 பைட் தரவை 11 எம்பிபிஎஸ் (விநாடிக்கு 11 மெகாபிட்) வேகத்தில் அனுப்ப ஒரு மில்லி விநாடிக்குச் சற்று மேல் ஆகும். 300 எம்பிபிஎஸ் வேகத்தில் 0.04 மில்லி விநாடி போதும். மெதுவான கருவி பேசி முடிக்கும்வரை அதே சானலில் (வைஃபை பேசும் அலைத்தடத்தில்) உள்ள மற்றவை காத்திருக்கின்றன.

எப்போதாவது நாலு பக்கம் அச்சடிக்கும் பிரிண்டரால் இதில் பெரிய நஷ்டமில்லை. நாள் முழுதும் வீடியோ அனுப்பும் பழைய கேமரா என்றால் கதை வேறு. இரண்டு சுவர் தாண்டிய அறையில் சிக்னல் தேய்ந்து கிடக்கும் புத்தம்புதுப் போனும் இதே போல நேரத்தைத் தின்னும். அதை யாரும் குறை சொல்வதில்லை! 1999-ல் வந்த 802.11பி என்ற பழைய வைஃபை வகைக் கருவி மட்டும் விதிவிலக்கு. அது இருந்தால் மற்றவை ஒவ்வொரு முறையும் அதற்குப் புரியும்படி முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டே தரவை அனுப்ப வேண்டும். உங்கள் வீட்டில் அப்படி எதுவும் இருக்க வாய்ப்பில்லை.

பிரிண்டர் முரண்டு பிடிப்பதற்குக் காரணம் பெரும்பாலும் பாதுகாப்பு அமைப்புதான். டபிள்யூபிஏ2-க்கு அடுத்து வந்த வைஃபை பாதுகாப்பு முறையான டபிள்யூபிஏ3 அறிமுகமானது 2018-ல். உங்கள் பிரிண்டருக்கு அது தெரியாது. ரவுட்டரில் டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 இரண்டும் கலந்த முறையைத் தேர்ந்தெடுங்கள். சில பழைய கருவிகள் இதிலும் தடுமாறும். அப்போது டபிள்யூபிஏ2, ஏஇஎஸ் (தரவை மறையாக்கும் முறை) என்று மட்டும் வையுங்கள். டிகேஐபி என்ற பழைய மறையாக்க முறையின் பக்கம் போகவே வேண்டாம். அதில் இணையும் கருவி எவ்வளவு புதியதானாலும் 54 எம்பிபிஎஸ்ஸைத் தாண்டாது, பாதுகாப்பும் பலவீனம்.

அடுத்து, ரவுட்டரின் இரு அலைவரிசைகளான 2.4 கிகாஹெர்ட்ஸுக்கும் 5 கிகாஹெர்ட்ஸுக்கும் தனித்தனிப் பெயர் கொடுங்கள். அந்தக் காலப் பிரிண்டர்களில் பெரும்பாலானவற்றுக்கு 2.4 மட்டுமே தெரியும். அதில் சானல் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸ் என வைத்து, சானல் 1, 6, 11-ல் நெரிசல் குறைந்த ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். போன்களும் டிவியும் 5-ல் இருக்கட்டும். பிரிண்டரை விருந்தினர் நெட்வொர்க்கில் சேர்த்துவிடாதீர்கள். வீட்டுக் கணினியின் கண்ணுக்கு அது தெரியாமல் போகும். பிரிண்டரின் பின்புறம் லேன் போர்ட் இருந்தால் இந்தத் தொல்லையே வேண்டாம், கேபிளைச் செருகிவிடுங்கள்.

லேப்டாப்பில் இன்டெல் வைஃபை கார்டு இருக்கிறதா என்று பாருங்கள். அவற்றில் சில, பழைய டிரைவரோடு (கார்டை இயக்கும் மென்பொருளோடு) இருந்தால் வைஃபை 6 நெட்வொர்க்கைப் பட்டியலில்கூடக் காட்டுவதில்லை. போனை யூஎஸ்பி வழியே இணைத்து இணையம் பெற்று டிரைவரைப் புதுப்பியுங்கள். புதிய டிரைவர் கிடைக்காவிட்டால், ரவுட்டரின் 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டும் வைஃபை 6 முறையை அணைத்துவிடலாம். போன்கள் 5-ல் இருப்பதால் அவற்றுக்கு இழப்பில்லை. அப்போதும் பெயர் தெரியவில்லையென்றால் யூஎஸ்பி வைஃபை அடாப்டர் ஒன்று வாங்கினால் போதும்.