மின்சாரக் காரா, ஹைப்ரிட் காரா? மதுரை வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

திருநகரில் சொந்த வீடு, போர்டிகோவில் கார் நிற்கும். கப்பலூர் சிட்கோவுக்குப் போய்வருவதும் பிள்ளைகளைப் பள்ளியில் விடுவதும் சேர்த்து தினம் 35 கி.மீ. ஓட்டம். மாதம் ஒருமுறை குலதெய்வக் கோயிலுக்கு அருப்புக்கோட்டை பக்கம் போவோம். ஹூண்டாய் கிரெட்டா எலக்ட்ரிக், டொயோட்டா ஹைரைடர் ஹைப்ரிட் இரண்டையும் ஓட்டிப் பார்த்தாயிற்று. மச்சான் ஹைப்ரிட் வாங்கு என்கிறார், மகள் எலக்ட்ரிக் என்கிறாள். எது சரி?
*வாசகர், திருநகர்*

உங்கள் வீட்டுக்கு மகள் சொல்வதுதான் சரி. ராத்திரி கார் நிற்கிற இடத்தில் ப்ளக் வைக்க முடியும் என்பதுதான் காரணம். மைலேஜ் கணக்கெல்லாம் அதற்குப் பிறகுதான்.

மாதம் 1,000 கி.மீ. ஓட்டம் என்று வைத்துக்கொள்வோம். இந்த அளவு வண்டி, ஏ.சி. போட்டு ஊருக்குள் ஓடினால் 100 கி.மீ.க்கு சுமார் 15 யூனிட் எடுக்கும். சார்ஜ் ஏறும்போது வீணாவதையும் சேர்த்தால் மீட்டரில் 17 யூனிட் ஓடும். ஆக, இரண்டு மாதத்துக்கு 340 யூனிட். இப்போது உங்கள் வீட்டில் இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் ஆகிறது என்றால், 2024 ஜூலை வீட்டுக் கட்டண விகிதப்படி பில் 705 ரூபாய். காரும் சேர்ந்து 640 யூனிட் ஆனால் 3,258 ரூபாய். 500 யூனிட்டைத் தாண்டியதும் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுக்கான 2.35 ரூபாய் சலுகை விலை போய்விடும், மேல் படிகளில் 8.40, 9.45 என்று ஏறும். "யூனிட் நாலரை ரூபாய்தான் சார்" என்று ஷோரூமில் சொல்லும் கணக்கு அதனால்தான் ஒத்துவராது. அப்படியிருந்தும் கூடுதலாக வருவது 2,553 ரூபாய், அதாவது கி.மீ.க்கு சுமார் 1.30 ரூபாய். பெட்ரோல் எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் ஹைரைடர் ஹைப்ரிட் ஊருக்குள் லிட்டருக்கு 22 கி.மீ. கொடுத்தால், பெட்ரோல் நூறு ரூபாயை ஒட்டி இருக்கும் நிலையில் கி.மீ.க்கு 4.60 ஆகும். வருடம் 12,000 கி.மீ. ஓட்டினால் 40,000 ரூபாய் வரை கையில் நிற்கும்.

வரியிலும் பெரிய வித்தியாசம். மின்சாரக் காருக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம். ஹைரைடர் 4 மீட்டருக்கு மேல் நீளம், எஞ்சினும் 1,490 சி.சி. என்பதால் ஹைப்ரிட்டாக இருந்தும் 2025 செப்டம்பர் 22 முதல் 40 சதவீதப் பட்டியலில் வருகிறது.

மச்சான் பக்கமும் நியாயம் உண்டு. மாதம் இரண்டு முறை சென்னைக்கு ஓட்டிப் போகிற குடும்பம் என்றால் அவர் சொன்னதைத்தான் நாமும் சொல்லியிருப்போம்.

7.2 கிலோவாட் சார்ஜர் மாட்ட வந்த எலக்ட்ரீஷியன், மாடி ஏ.சி.க்குப் போகும் 4 சதுர மி.மீ. ஒயரிலேயே இணைத்துவிடலாம், தனி எர்த் தேவையில்லை என்கிறார். செய்யலாமா?
*வாசகி, திருமங்கலம்*

கூடவே கூடாது. ஏ.சி. பத்து நிமிடம் இழுக்கும், பிறகு ஓயும். இந்த சார்ஜர் 32 ஆம்பியரை ஆறு மணி நேரம் விடாமல் இழுக்கும். ஒயர் சூடு ஆறவே நேரம் இருக்காது.

செய்ய வேண்டியது இதுதான். மெயின் போர்டிலிருந்து சார்ஜருக்கென்றே தனி லைன் இழுக்க வேண்டும், இடையில் வேறு எந்தப் பாயிண்டும் எடுக்கக் கூடாது. 25 மீட்டருக்குள் என்றால் 6 சதுர மி.மீ. காப்பர் ஒயர், அதற்கு மேல் தூரம் என்றால் 10 சதுர மி.மீ. அளவுக்கு மீறி மின்சாரம் போனால் துண்டிக்கும் 40 ஆம்பியர் எம்.சி.பி. ஒன்று. மின்கசிவு இருந்தால் துண்டிக்கும் 40 ஆம்பியர், 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்று, அதுவும் 'ஏ' (A) டைப்பாக இருக்க வேண்டும். கடையில் சாதாரணமாக எடுத்துக் கொடுப்பது 'ஏ.சி.' (AC) டைப், மாறுதிசை மின்கசிவை மட்டும் உணர்வது. கார் சார்ஜரிலிருந்து கசியும் டி.சி. (நேர்திசை) மின்சாரம் அதன் உணர்திறனை மழுங்கடித்துவிடும், ஷாக் அடிக்கும் நேரத்தில் டிரிப் ஆகாது. சார்ஜருக்குள்ளேயே 6 மில்லி ஆம்பியர் டி.சி. கசிவுப் பாதுகாப்பு இருக்கிறதா என்றும் கேளுங்கள். இல்லையென்றால் 'பி' (B) டைப் போட வேண்டும். விலை அதிகம்தான், ஆனால் அதில் மிச்சம் பிடிக்கக் கூடாது.

இனி எர்த். உங்கள் பகுதியில் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். திருமங்கலம், கள்ளிக்குடி பக்கம் கரிசல் மண். சித்திரை, வைகாசியில் வெடித்துப் பிளந்து, எர்த் கம்பியை விட்டே மண் விலகிவிடும். மார்கழியில் ஒழுங்காக ஏறிய கார் மே மாதத்தில் "சார்ஜிங் ஃபால்ட்" காட்டி நிற்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். வண்டியிலும் கோளாறு இல்லை, சார்ஜரிலும் கோளாறு இல்லை. எர்த் சரியில்லை என்று தெரிந்ததும் கார் தானாகவே மின்சாரத்தை மறுத்துவிடுகிறது. தனிக் குழி எடுத்து, காப்பர் பூசிய கம்பியைச் சுற்றி பென்டோனைட் களிமண் கலவை போடச் சொல்லுங்கள். அது ஈரத்தைப் பிடித்துவைக்கும். வேலை முடிந்ததும் எர்த் டெஸ்டரில் 5 ஓமுக்குக் கீழ் காட்ட வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே மல்ட்டிமீட்டரில் 3 வோல்ட்டுக்குள் இருப்பது நல்லது. கோடையில் வாரம் ஒரு குடம் தண்ணீர் குழியில் ஊற்றுங்கள்.

த்ரீ ஃபேஸ் இணைப்பு இருந்தாலும் இந்த சார்ஜர் ஒரே ஃபேஸில்தான் 32 ஆம்பியரையும் எடுக்கும். 10 கிலோவாட் லோடு வாங்கியிருந்தால் ஒரு ஃபேஸுக்கு 15 ஆம்பியர் அளவுதான் கணக்கு. எனவே ஈ.பி. ஆபீஸில் லோடு ஏற்ற விண்ணப்பியுங்கள். கார் இருக்கும் ஃபேஸிலிருந்து மோட்டாரையும் ஏ.சி.யையும் மாற்றிவிடுங்கள். இதெல்லாம் அதிகச் செலவாகத் தெரிந்தால் 15 ஆம்பியர் ப்ளக்கிலேயே ஏற்றலாம், தினம் 40 கி.மீ. ஓட்டத்துக்கு ராத்திரி மூன்று மணி நேரம் போதும். அங்கேயும் வீட்டு சாக்கெட் வேண்டாம், நீல நிற இண்டஸ்ட்ரியல் சாக்கெட் போடுங்கள். முதல் வாரம், சார்ஜ் ஏறி ஒரு மணி நேரம் கழித்து ப்ளக்கைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருக்கலாம், கை பொறுக்காத சூடு கூடாது. பின் துளையைச் சுற்றிப் பழுப்பேறினாலோ பிளாஸ்டிக் வாடை வந்தாலோ உள்ளே திருகு தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம். எக்ஸ்டென்ஷன் பாக்ஸை இந்தப் பக்கமே கொண்டுவராதீர்கள்.

கிராண்ட் விட்டாராவில் 'ஸ்மார்ட் ஹைப்ரிட்' விலை குறைவாக இருக்கிறது. அதுவும் ஹைப்ரிட்தானே?
*வாசகர், மேலூர்*

பெயரில் மட்டும்தான். அது 1,462 சி.சி. பெட்ரோல் எஞ்சினுக்கு ஒரு சின்ன மோட்டார் கைகொடுக்கும் ஏற்பாடு. சிக்னலில் எஞ்சினை அணைத்து எழுப்பும், கிளம்பும்போது கொஞ்சம் தள்ளிவிடும், அவ்வளவுதான். மின்சாரத்தில் மட்டும் ஒரு அடிகூட நகராது. மூன்று சிலிண்டர், 1,490 சி.சி. எஞ்சினோடு வரும் 'ஸ்ட்ராங் ஹைப்ரிட்'தான் கோரிப்பாளையம் நெரிசலில் எஞ்சினை அணைத்துவிட்டு மோட்டாரில் ஊர்ந்து போகும். அதில் டிக்கி இடம் குறையும், பேட்டரி அங்கே இருக்கிறது. வாங்குமுன் குடும்பத்தின் பெட்டிகளை ஒருமுறை வைத்துப் பார்த்துவிடுங்கள்.

42 யூனிட் பேட்டரி உள்ள மின்சாரக் காரில் நான்கு பேர் மதுரையிலிருந்து கொடைக்கானல் போய்த் திரும்ப முடியுமா? ஹைப்ரிட் வைத்திருக்கும் நண்பர், இறங்கும்போது எஞ்சின் அலறுகிறது என்று பயப்படுகிறார்.
*வாசகர், வாடிப்பட்டி*

தாராளமாகப் போகலாம், கணக்குத் தெரிந்து போனால். மதுரையிலிருந்து சுமார் 120 கி.மீ., ஏற வேண்டிய உயரம் ஏறக்குறைய 2,000 மீட்டர். ஆட்களும் சாமானும் சேர்த்து 2 டன் எடையை அந்த உயரத்துக்குத் தூக்கவே 11 யூனிட் வேண்டும். மோட்டாரில் போகும் இழப்போடு 12, 13 ஆகும். சமதளத்தில் இதே தூரத்துக்கு ஆகும் 17 யூனிட்டையும் கூட்டினால் 30. நூறு சதவீதத்தில் கிளம்பினால் மேலே 30 சதவீதம் மிஞ்சும். 30 யூனிட் பேட்டரி வண்டி என்றால் மலை ஏறுமுன் வத்தலக்குண்டு பக்கம் அரை மணி நேரம் ஃபாஸ்ட் சார்ஜ் போட்டே ஆக வேண்டும். ஏறும்போது மீட்டரில் கி.மீ. சடசடவென்று இறங்கும். பதற வேண்டாம், ஏற்றம் முடிந்ததும் அது நிற்கும்.

மேலே தங்கும் விடுதியில் 15 ஆம்பியர் ப்ளக் கிடைக்குமா என்று ரூம் போடும்போதே கேளுங்கள். ராத்திரி பத்து மணி நேரத்தில் பாதி பேட்டரி ஏறிவிடும், ஆக 80 சதவீதம். அதோடு நிறுத்துங்கள். நூறு வரை ஏற்றிக்கொண்டு இறங்கினால், பிரேக் பிடிக்கும்போது உண்டாகும் மின்சாரத்தை வாங்கிக்கொள்ள பேட்டரியில் இடம் இருக்காது. 'ரீஜென்' எனும் அந்த ஏற்பாடு வேலை செய்யாது, கொண்டை ஊசி வளைவுகளில் முழுப் பாரமும் பிரேக் பேடுக்குப் போகும். 80-ல் இறங்கினால் ரீஜெனை உச்சத்தில் வைத்து ஓட்டலாம். வத்தலக்குண்டு வருவதற்குள் சில யூனிட் திரும்பக் கிடைக்கும்.

நண்பரின் வண்டியிலும் இதே விஷயம்தான், அளவுதான் வேறு. ஹைரைடர், கிராண்ட் விட்டாரா ஹைப்ரிட் பேட்டரி மொத்தமே 0.76 யூனிட். கிட்டத்தட்ட 150 மீட்டர் உயரம் இறங்கினாலே அது நிரம்பிவிடும். மீதி 1,800 மீட்டர் இறக்கத்துக்கு எஞ்சின்தான் வண்டியைப் பிடிக்க வேண்டும். அந்தச் சத்தத்தில் பெட்ரோல் எரிவதில்லை, எஞ்சின் வெறுமனே சுழன்று வேகத்தைக் குறைக்கிறது. பெருமாள்மலை தாண்டியதும் கியர் லீவரை 'பி'யில் (எஞ்சின் பிரேக்குக்கான B, பார்க்கிங்குக்கான P அல்ல) போடச் சொல்லுங்கள். 'டி'யிலேயே வைத்து பிரேக்கை அழுத்திக்கொண்டே இறங்கினால் கீழே வரும்போது பேட் கருகும் வாடை வரும்.

அக்னி நட்சத்திர வெயிலில் ஆபீஸ் வாசலில் திறந்த வெளியில்தான் கார் நிற்கிறது. பேட்டரி கெட்டுவிடுமா?
*வாசகி, ஒத்தக்கடை*

வெயிலைவிட, வெயிலில் நூறு சதவீதத்தோடு நிற்பதுதான் கெடுதல். கிரெட்டா எலக்ட்ரிக்கில் இருப்பது போன்ற என்.எம்.சி. (நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட்) பேட்டரி என்றால் தினசரி 80-ல் நிறுத்துமாறு செட் செய்யுங்கள், நீண்ட பயணத்துக்கு முந்தைய ராத்திரி மட்டும் நூறு. நெக்ஸான் ஈ.வி.யில் உள்ளது போன்ற எல்.எஃப்.பி. (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) வகைக்கு வேறு வழக்கம். இதன் வோல்டேஜ் பெரும்பாலான நேரம் ஒரே மட்டத்தில் நிற்பதால், அவ்வப்போது நூறு வரை ஏற்றினால்தான் மீட்டர் சரியாகக் காட்டும். வாரம் ஒருமுறை, அதிகாலையில் முடியும்படி ஏற்றுங்கள்.

நெடுஞ்சாலையில் ஓட்டி வந்த கையோடு, மதியம் இரண்டு மணிக்கு ஃபாஸ்ட் சார்ஜரில் போட்டால் பெட்டியில் 60 கிலோவாட் என்று எழுதியிருந்தாலும் 30 கூட ஏறாமல் போகலாம். பேட்டரி தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைக்கிறது. திருச்சி ரோட்டில் போகும்போது சார்ஜ் வேலையைச் சாப்பாட்டு நேரத்துக்கு விடாமல் காலையிலேயே முடித்துவிடுங்கள்.

மழையில் கர்டர் பாலத்தடியில் தண்ணீர் நின்றால் மின்சாரக் கார் போகலாம், எஞ்சின் கார்தான் போகக் கூடாது என்கிறார்களே?
*வாசகர், ஆரப்பாளையம்*

இரண்டும் போகக் கூடாது. பேட்டரிப் பெட்டிக்கு ஐ.பி.67 தரம் என்றால், அந்தப் பெட்டி 1 மீட்டர் தண்ணீரில் 30 நிமிடம் தாங்கும் என்று பொருள். சீட்டுக்கு அடியில் போகும் ஒயர் இணைப்புகளுக்கும் கதவுக் கம்ப்யூட்டருக்கும் அந்தத் தரம் கிடையாது. ஹைப்ரிட்டில் கூடுதல் ஆபத்து ஒன்று உண்டு. மோட்டாரில் சத்தமில்லாமல் உள்ளே போய்விடுவீர்கள், பாதியில் எஞ்சின் தானாக எழுந்து காற்றோடு தண்ணீரையும் இழுக்கும். எஞ்சினுக்குள் இருக்கும் கனெக்டிங் ராடு வளைந்தால் இன்சூரன்ஸில் 'எஞ்சின் பாதுகாப்பு' தனியாக எடுத்திருந்தால்தான் பணம் வரும்.

நின்றுவிட்டால் திரும்ப ஸ்டார்ட் செய்ய வேண்டாம். கயிறு கட்டி இழுக்கவும் விடாதீர்கள். முன்சக்கரம் தரையில் உருண்டால் மோட்டாரும் கூடவே சுற்றி மின்சாரம் உண்டாக்கும். நான்கு சக்கரமும் மேலே ஏறும் பிளாட்பெட் வண்டிதான் வர வேண்டும்.

2020 மாடல் ஹூண்டாய் கோனா எலக்ட்ரிக் ஒன்று விலைக்கு வருகிறது. எதைப் பார்த்து வாங்குவது?
*வாசகர், உசிலம்பட்டி*

கோனா வெளிநாடுகளில் பெட்ரோல், ஹைப்ரிட், மின்சாரம் என மூன்று விதமாகவும் ஓடுகிறது. இங்கே 2019 ஜூலையில் மின்சார வண்டியாக மட்டும் வந்தது. பேட்டரி 39.2 யூனிட், கம்பெனி சொன்ன தூரம் 452 கி.மீ., நிஜத்தில் புதிதாக இருந்தபோதே 300 சொச்சம்.

பேட்டரியை நீங்களே சோதிக்கலாம். 90 சதவீதத்தில் ட்ரிப் மீட்டரைச் சுழியம் ஆக்கி, 40 வரும்வரை ஓட்டுங்கள். 130 கி.மீ. ஓடி, சராசரி யூனிட்டுக்கு 7 கி.மீ. என்று காட்டினால் செலவு 18.6 யூனிட். அது பாதிப் பேட்டரி என்பதால் முழுசு 37.1, அதாவது 95 சதவீதம் நலமாக இருக்கிறது. 85-க்குக் கீழ் வந்தால் விலையைக் கணிசமாகக் குறைத்துப் பேசுங்கள். சேசிஸ் எண்ணைக் கொடுத்து, பேட்டரி தொடர்பான ரீகால் (கம்பெனி வண்டியைத் திரும்ப அழைத்துச் சரிசெய்வது) வேலை முடிந்ததா என்று சர்வீஸ் சென்டரில் எழுத்தில் வாங்குங்கள். பேட்டரி வாரண்டி 8 வருடம் அல்லது 1,60,000 கி.மீ., எது முதலில் வருகிறதோ அதுவரை. உங்கள் கைக்கு வந்த பிறகு எத்தனை மாதம் மிஞ்சும் என்று பார்த்தே பேரம் பேச வேண்டும்.

துபாயில் இருக்கும் மகனின் ஹைப்ரிட் கார் வீட்டில் நிற்கிறது. வாரம் ஒருமுறை சாவி போட்டு வைக்கிறேன், ஆனாலும் மூன்றாவது முறையாக ஸ்டார்ட் ஆகவில்லை.
*வாசகர், சோழவந்தான்*

உள்ளே ஒரு சாதாரண 12 வோல்ட் பேட்டரி இருக்கிறது ஐயா. கம்ப்யூட்டர்களை எழுப்புவது அதுதான், அது படுத்தால் பெரிய பேட்டரி நிறைந்திருந்தும் பயனில்லை. சாவி மட்டும் போட்டு விளக்குகளை எரியவிட்டால் அது இன்னும் இறங்கும். பிரேக்கை மிதித்துக்கொண்டு பட்டனை அழுத்தி 'ரெடி' என்று வந்தால்தான் சார்ஜ் ஏறும். வாரம் ஒருமுறை 40 நிமிடம் 'ரெடி'யில் வையுங்கள், காற்றோட்டமான இடத்தில். அதைவிட, வாடிப்பட்டி வரை ஓட்டிப் போய் வந்தால் பிரேக் டிஸ்க்கில் துருவும் ஏறாது. மாதக்கணக்கில் எடுக்கப்போவதில்லை என்றால் 12 வோல்ட்டின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிடலாம். பெரிய பேட்டரியின் ஆரஞ்சு நிற உயர் வோல்டேஜ் ஒயர்களில் மட்டும் கை வைக்காதீர்கள்.

இன்னொன்று. பெரிய பேட்டரிக்குக் காற்று போகும் வலை, வண்டியைப் பொறுத்து பின் சீட் பக்கமோ டிக்கியிலோ இருக்கும். நிற்கும் வண்டியில் அங்கே தூசியும் எலிக்கூடும் சேரும். மகன் வருவதற்கு முன் சர்வீஸில் அதைக் கழற்றிச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள்.