எல்லா அளவும் நட்டிலிருந்து: பேஸ் கிட்டார் கேள்வி பதில்

அரியாங்குப்பத்தில் சின்னப் பட்டறை வைத்துப் பேஸ் கிட்டார் செய்கிறேன். ஸ்கேல் நீளம், ஃப்ரெட் (நெக் எனும் கழுத்தில் குறுக்கே பதிக்கும் உலோகக் கம்பி) இடைவெளி பற்றிக் கடலூர், புதுச்சேரி பக்கமிருந்து வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். நட்டின் (தலைப்பக்கம் கம்பிகள் படியும் சிறு கட்டை) முன்விளிம்பிலிருந்து 12ஆவது ஃப்ரெட் வரை உள்ள தூரத்தை இரண்டால் பெருக்கினால் வருவதுதான் ஸ்கேல் நீளம். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

மஞ்சக்குப்பம்: அண்ணே, 34 இன்ச் ஸ்கேலுக்கான டெம்ப்ளேட்டை (ஃப்ரெட் இடங்களைக் குறித்த படம்) ஜெராக்ஸ் கடையில் ஏ4 தாள்களில் பிரிண்ட் எடுத்து ஒட்டி, ரோஸ்வுட் பலகையில் ஃப்ரெட் இறக்கும் 20 காடியும் அறுத்துவிட்டேன். இப்போது அளந்தால், 431.8 மில்லியில் இருக்கவேண்டிய 12ஆவது ஃப்ரெட் 418.9 மில்லியில் இருக்கிறது. கம்பிகளின் மறுமுனையைத் தாங்கும் பிரிட்ஜ் இன்னும் பொருத்தவில்லை. பலகை வீணா?

வீணாகவில்லை தம்பி. தாளுக்குள் அடங்கட்டும் என்று பிரிண்டர் படத்தை 97 சதவீதமாகச் சுருக்கியிருக்கிறது. ஆனால் எல்லா ஃப்ரெட்டையும் ஒரே விகிதத்தில்தான் சுருக்கியிருக்கும். அப்படியானால் உங்கள் கையில் இருப்பது 837.8 மில்லி ஸ்கேலுக்குச் சரியான பலகை, கிட்டத்தட்ட 33 இன்ச். பிரிட்ஜை அந்த அளவுக்கு முன்னால் கொண்டுவந்தால் ஸ்ருதி சேரும். ரிக்கன்பேக்கர் 4001 பேஸின் ஸ்கேலே 33¼ இன்ச்தான். அதே கம்பியைப் போட்டால் இழுவை 6 சதவீதம் குறையும், அவ்வளவுதான்.

ஆனால் பிரிட்ஜில் துளை போடுமுன் ஒன்றைச் சரிபாருங்கள். நட்டிலிருந்து 5ஆவது காடியின் நடு 210.2, 7ஆவது 278.6, 19ஆவது 558.2 மில்லியில் இருக்கவேண்டும். எல்லாம் ஒத்துவந்தால் நிம்மதி. ஓரிடத்துக்குப் பிறகு எல்லாக் காடியும் ஒரே அளவு தள்ளியிருந்தால், அங்கேதான் தாள் ஒட்டு விலகியிருக்கிறது. தள்ளிய காடி ஒன்றிரண்டு என்றால் அதே ரோஸ்வுட் சீவலைப் பசை வைத்து அடைத்து, காய்ந்த பிறகு மறுபடி அறுக்கலாம். பாதிப் பலகை தள்ளியிருந்தால் வேறு பலகை எடுங்கள்.

அடுத்த முறை 'ஆக்சுவல் சைஸ்' என்று சொல்லி எடுங்கள். தாளின் ஓரத்தில் 100 மில்லி கோடு ஒன்று இருக்கட்டும். கடையை விட்டு இறங்குமுன் அந்தக் கோட்டை இரும்பு ஸ்கேலால் அளந்துவிடுங்கள்.

லாஸ்பேட்டை: டெம்ப்ளேட் இல்லாமல் நாமே கணக்குப் போட முடியாதா?

தாராளமாகப் போடலாம். ஸ்கேல் நீளத்தை 17.817ஆல் வகுங்கள். 34 இன்ச் என்பது 863.6 மில்லி, வகுத்தால் 48.47. அது முதல் ஃப்ரெட். மிச்சமுள்ள 815.13ஐ அதே எண்ணால் வகுத்தால் 45.75, முன்னதோடு கூட்டினால் இரண்டாவது ஃப்ரெட் 94.22இல். இப்படியே போனால் 12ஆவது சரியாகப் பாதியில் வந்து நிற்கும். நிற்கவில்லை என்றால் கணக்கில் எங்கோ பிழை.

பழைய கைவினைஞர்கள் 18ஆல் வகுத்தார்கள். மனக்கணக்குக்கு எளிது, ஆனால் 34 இன்ச் ஸ்கேலில் 12ஆவது ஃப்ரெட் 3 மில்லிக்கு மேல் நட்டுப் பக்கம் ஒதுங்கிவிடும். பேஸில் அது காதுக்கு நன்றாகவே தெரியும்.

கணக்கை விட முக்கியம், குறிக்கும் விதம். என் முதல் பலகையில் ஒவ்வொரு ஃப்ரெட்டையும் முந்தைய ஃப்ரெட்டிலிருந்து அளந்து குறித்தேன். ஒவ்வொன்றிலும் பென்சில் கோட்டின் பருமன் அளவுக்குத்தான் பிசகு. 12ஆவதுக்குப் போனபோது அவை சேர்ந்து 2 மில்லி. அந்தப் பலகை இன்னும் பட்டறைச் சுவரில் தொங்குகிறது, வருகிற பிள்ளைகளுக்கு எடுத்துக் காட்டுவேன். நீண்ட இரும்பு ஸ்கேலை நட்டு விளிம்பில் வைத்துக் கிளாம்ப் போட்டுவிடுங்கள். கடைசி ஃப்ரெட் வரை ஸ்கேல் அசையக்கூடாது. பென்சில் வேண்டாம், கூர்மையான கத்தியால் கீறுங்கள். கீறலில் ரம்பப் பல் தானே போய் உட்காரும்.

ஒரு மில்லி பிசகு எல்லா இடத்திலும் ஒன்றல்ல. முதல் ஃப்ரெட்டில் அது சுமார் 2 சென்ட், 12ஆவதில் 4, 20ஆவதில் 6க்கு மேல். (100 சென்ட் சேர்ந்தது ஓர் அரைச்சுரம்.) மேலே போகப் போகக் கை நிதானமாக வேண்டும்.

திருப்பாப்புலியூர்: என் தாத்தா வீணை செய்தவர். அவர் கணக்கே போடாமல் காதால்தானே மெட்டு (வீணையின் ஃப்ரெட்) வைத்தார், ஐயா? கிட்டாருக்கு மட்டும் ஏன் இந்தக் கணக்கு?

நல்ல கேள்வி. வீணையின் 24 மெட்டுகளும் மெழுகில் உட்காருகின்றன. மேளம் கட்டுபவர், அதாவது மெட்டுகளை ஸ்ருதிக்கு அமைப்பவர், ஒவ்வொன்றையும் மயிரிழை நகர்த்தி, கேட்டு, பிறகு அழுத்துவார். நாள்பட்டு மெழுகு இளகினால் திரும்பவும் மேளம் கட்டலாம். கிட்டாரிலோ ஃப்ரெட்டை மரத்தில் அடித்து இறக்கிவிடுகிறோம். இறக்கிய பின் நகர்த்த வழியில்லை.

இன்னொன்று, கிட்டார் எந்த ஸ்ருதியிலும் வாசிக்கப்படும் கருவி. அதனால் அரைச்சுரம் பன்னிரண்டையும் சமமாகப் பங்கிட்டிருக்கிறார்கள். பஞ்சமம் 2 சென்ட் குறைவு, யாருக்கும் தெரியாது. அந்தர காந்தாரம் சுத்தமான இடத்தைவிட 14 சென்ட் கூடுதல். தாத்தாவின் வீணையைக் கேட்டு வளர்ந்த காது அதைக் கண்டுபிடித்துவிடும். உங்கள் காது கண்டுபிடித்தால், காடி தவறு என்று நினைத்து ஃப்ரெட்டைப் பிடுங்கிவிடாதீர்கள்.

நெல்லிக்குப்பம்: சார், என் மகளுக்கு 12 வயது. சர்ச் பாடகர் குழுவில் பேஸ் வாசிக்க ஆசைப்படுகிறாள். 34 இன்ச்சில் விரல் எட்டவில்லை. சின்னதாகச் செய்தால் சத்தம் குறையுமா?

30 இன்ச் செய்து கொடுங்கள் அம்மா. முதல் ஃப்ரெட்டுக்கும் நாலாவதுக்கும் நடுவே 34 இன்ச்சில் கிட்டத்தட்ட 130 மில்லி, 30 இன்ச்சில் 114. சின்னக் கைக்கு இந்த ஒன்றரை சென்டிமீட்டர் பெரிய விஷயம். ஃபெண்டர் 1951இல் கொண்டுவந்த பிரிசிஷன் பேஸ் 34 இன்ச், அதுவே பிறகு வழக்கமாகிவிட்டது. அதற்காக எல்லோரும் அதைத்தான் வாசிக்கவேண்டும் என்று சட்டமில்லை. ஹாஃப்னர் வயலின் பேஸ் ஏறக்குறைய 30 இன்ச்தான். அதை வைத்து எத்தனை பெரிய இசை வந்திருக்கிறது!

சத்தம் குறையாது, குணம் மாறும். அதே கம்பியில் இழுவை 22 சதவீதம் குறைவதால் நாதம் கொஞ்சம் உருண்டு, மெத்தென்று வரும். கம்பி தளதளவென்று இருந்தால் ஒரு படி தடிமனான செட் போடுங்கள். வாங்கும்போது ஷார்ட் ஸ்கேல் செட் என்று கேட்டு வாங்குங்கள்.

முத்தியால்பேட்டை: வீடு கடலோரம். உப்புக்காற்றில் மரம் உப்பி ஃப்ரெட் இடைவெளி மாறிவிடுமா?

மாறாது. மரம் குறுக்கேதான் உப்பும், சுருங்கும். நீளவாக்கில் அசைவு மிகக் குறைவு. மாறுவது நெக்கின் வளைவு. அதை டிரஸ் ராடால் (நெக்குக்குள் ஓடும் இரும்புக் கம்பி) திருத்திக்கொள்ளலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரம் குடித்த பலகையில் வேலை முடித்து, பிறகு ஏசி அறையில் வைத்தால் பலகை அகலத்தில் சுருங்கி ஃப்ரெட் முனை கையைக் கிழிக்கும். அடைமழை மாதத்தில் ஃப்ரெட் அடிக்காதீர்கள்.

பண்ருட்டி: எங்கள் ஊர்ப் பலாமரத்தில் செய்யலாமா?

வீணைக்கே உங்கள் ஊர்ப் பலாதானே போகிறது! உடலுக்கு அருமையான மரம். நெக்குக்கு எடுத்தால் ரேகை நேராக ஓடும் துண்டாக, நன்றாகக் காய்ந்ததாகப் பாருங்கள். ஃப்ரெட் பதிக்கும் பலகையான ஃப்ரெட்போர்டுக்கு மட்டும் இன்னும் கடினமான மரம் வேண்டும்.

வில்லியனூர்: பிரிட்ஜை மிகச்சரியாக 863.6 மில்லியில் வைத்தேன், ஆனாலும் தடிக்கம்பியில் மேல் ஃப்ரெட்டுகளில் ஸ்ருதி கூடுகிறது. ஃப்ரெட் தப்பா?

ஃப்ரெட் மேல் பழி போடாதீர்கள். கம்பியை அழுத்தும்போது அது இழுபட்டு ஸ்ருதி ஏறுகிறது. தடித்த கம்பி விறைப்பானது என்பதால் அதில் இன்னும் கூடுதல். அதனால் சேடிலை (பிரிட்ஜில் ஒவ்வொரு கம்பியும் படியும் சிறு துண்டு) பின்னால் தள்ளி ஈடுகட்ட வேண்டும். மெல்லிய ஜி கம்பியின் சேடில் ஏறத்தாழ 863.6இல் நிற்கும், தடித்த இ கம்பியுடையது அதிலிருந்து 4, 5 மில்லி பின்னால் போகும். பிரிட்ஜைத் திருகுமுன், ஜி சேடிலை அதன் ஓட்டத்தில் கிட்டத்தட்ட முன்கோடிக்குக் கொண்டுவந்து, அதை 863.6இல் வைத்துக் குறியுங்கள். அப்போதுதான் மற்றவை பின்னால் போக இடம் இருக்கும்.

இப்போது 12ஆவது ஃப்ரெட்டுக்கு மேல் லேசாகத் தொட்டு ஹார்மோனிக் எடுங்கள், பிறகு அதே ஃப்ரெட்டை அழுத்தி வாசியுங்கள். அழுத்தியது கூடுதல் என்றால் சேடில் பின்னால், குறைவு என்றால் முன்னால். புதுக் கம்பி போட்டுத்தான் இதைப் பார்க்கவேண்டும், நம் ஊர்க் காற்றில் துருவேறிய பழைய கம்பி பொய் சொல்லும்.

முதலியார்பேட்டை: ஐந்து கம்பி பேஸுக்கு 35 இன்ச் கட்டாயமா?

கட்டாயமில்லை. கூடுதலாக வரும் ஐந்தாவது கம்பியான கீழ் பி 31 ஹெர்ட்ஸ் அளவில் அதிரும் கம்பி, அதற்கு இறுக்கம் வேண்டும். 35 இன்ச்சில் 6 சதவீதம் இழுவை கூடும். தடிமனான பி கம்பியாலும் அதைக் கொண்டுவரலாம். கை எட்டுமா என்று முதலில் பாருங்கள். விசிறிபோல் ஃப்ரெட்டைச் சாய்த்து, பி பக்கம் 37, ஜி பக்கம் 34 என்று டிங்வால் கம்பெனியில் செய்கிறார்கள். அதைச் செய்ய ஆசையிருந்தால் இரண்டு ஓரத்துக்கும் தனித்தனியாக அதே 17.817 கணக்கைப் போட்டு, புள்ளிகளைக் கோட்டால் இணையுங்கள். நேர் ஃப்ரெட் பலகை ஒன்றை ஒழுங்காக முடித்த பிறகு அதில் இறங்குங்கள்.