பழைய அச்சுப் படங்களில் வரும் நீர்வண்டு, நீர்த்தாவர ஓவியங்களை எந்த அளவுக்கு நம்பலாம்?

உறுப்புகளின் வடிவத்தைப் பெரும்பாலும் நம்பலாம். உடல் இருக்கும் நிலையையும் நிறத்தையும் சோதித்துப் பார்த்துத்தான் ஏற்க வேண்டும்.

முதலில், படத்தில் இருப்பது வண்டுதானா? ஓவியர் மரியா சிபில்லா மெரியன் 1705இல் வெளியிட்ட சுரினாம் பூச்சி நூலின் 56ஆம் படத்தில் ஆகாயத்தாமரையோடு இருப்பதை வண்டு என்று எண்ணிவிடலாம். அது மூட்டைப்பூச்சி வகையைச் சேர்ந்த பெரிய நீர்ப்பூச்சி. வண்டின் கெட்டிச் சிறகுகள் இரண்டும் முதுகின் நடுவே ஒரே நேர்கோட்டில் சேரும்; நீர்ப்பூச்சியின் முன்சிறகு நுனிகள் ஒன்றன்மேல் ஒன்று படியும்.

வண்டுதான் என்றால் உணர்கொம்பைப் பாருங்கள். டைட்டிஸ்கஸ், ஹைட்ரோஃபிலஸ் என்று இரண்டு பெரிய நீர்வண்டு இனங்கள் உண்டு. டைட்டிஸ்கஸுக்கு அது நூல் போல நீளும். ஹைட்ரோஃபிலஸுக்குக் குட்டையாக, நுனி தடித்து இருக்கும். அதில் நீளமாகத் தெரிபவை வாயருகே உள்ள தொடு உறுப்புகள். இரண்டையும் குழப்பி வரைந்த படங்கள் உண்டு. டைட்டிஸ்கஸ் பின்கால் இரண்டையும் துடுப்பு போல ஒரே நேரத்தில் வீசும். ஹைட்ரோஃபிலஸ் மாற்றி மாற்றி வீசும். மூச்சுக்கு முன்னது வாலை நீர்மட்டத்துக்குத் தூக்கும், பின்னது தலையை. டைட்டிஸ்கஸ் தலையை மேலே நீட்டி மூச்சு வாங்குவதாக ஒரு படம் காட்டினால், ஊசி குத்தி வைத்த செத்த உடலைப் பார்த்து வரைந்தது என்று சந்தேகப்படலாம். நியூரம்பெர்க் நுண்ணோவியர் ரோசல் ஃபான் ரோசன்ஹோஃப் பூச்சிகளை உயிரோடு வளர்த்துப் பார்த்தவர். நீரில் வாழும் பூச்சிகள் வரும் அவருடைய பூச்சி நூலின் இரண்டாம் பாகம் (1749) ஒப்பிடுவதற்கு நல்ல அளவுகோல்.

அடுத்தது இடவல மாற்றம். இந்தப் படங்களை அச்சிடும் செப்புத்தகட்டில் நேராகக் கீறினால் தாளில் கண்ணாடிப் பிம்பமாக விழும். வண்டு இருபுறமும் ஒத்திருப்பதால் அதில் தெரியாது. அருகில் நத்தை இருந்தால் தெரிந்துவிடும். லிம்னியா நத்தையைக் கூர்முனை மேலே, வாய் நம்மைப் பார்க்க வைத்தால் வாய் வலப்பக்கம் இருக்கும். அச்சில் இடப்பக்கம் இருந்தால் படம் திரும்பியிருக்கிறது. ஆனால் ஃபைசா நத்தை இயல்பிலேயே இடஞ்சுழி. அதை வைத்து முடிவு கட்டினால் ஏமாறுவீர்கள். மெரியன் நூலுக்கு எதிர்ப்படிகளும் உண்டு: ஈர அச்சின் மேல் இன்னொரு தாளை அழுத்தி எடுத்தவை. அவற்றில் கோடு வெளிறி, படம் மறுபடி நேராகிவிடும்.

நிறம் கையால் பூசியது. ஒரே நூலின் இரு படிகளில்கூட வேறுபடும். காம்போஜ் மஞ்சளும் பிரஷ்ய நீலமும் கலந்த பச்சையில், வெளிச்சம் பட்டால் மஞ்சள் மங்கி இலை நீலமாகத் தெரியும். ஈய வெள்ளையில் இட்ட மினுக்கப் புள்ளி காற்றிலுள்ள கந்தக வாயுவால் கறுத்துவிடும். அதை வண்டின் உடல்புள்ளி என்று எண்ணிவிடாதீர்கள். செப்புப் பச்சை தாளையே அரித்துப் பழுப்பாக்கும், பின்பக்கத்தில் கறை தெரியும்.

தாவரத்தில் பார்க்க வேண்டியது நீருக்கடியில் இருக்கும் இலைகள். நீர் ரனன்குலஸ் என்ற நீர்ச்செடியின் பல வகைகளில் மிதக்கும் இலை அகலமானது, மூழ்கிய இலை மயிரிழை போலப் பிரிந்தது. நீருக்கு வெளியே எடுத்தவுடன் இழைகள் பெரும்பாலும் ஒட்டி ஒரு கற்றையாகிவிடும். ஆகவே இழைகள் கற்றையாக இருந்தால் அது நீருக்கு வெளியே எடுத்த மாதிரியைப் பார்த்து வரைந்ததாக இருக்கலாம். விரிந்து நின்றால் தட்டத்து நீரில் மிதக்கவிட்டு வரைந்ததாக இருக்கும்.