ஒட்டிய டயரைப் பிரிப்பது எப்படி?

கேள்வி: என்னிடம் உள்ள 1/8 அளவு ரிமோட் கார் பக்கி (மேடுபள்ளத்தில் ஓடும்) வகை. டயர்கள் மொழுமொழுவென்று தேய்ந்துவிட்டன. ரிம்கள் நன்றாகவே இருக்கின்றன. பசை போட்டு ஒட்டியிருப்பதால் கத்தியால் நெம்பினேன், ரிம்மின் ஓரம் விண்டுபோகிறது. ரிம்மை மட்டும் காப்பாற்ற வழி உண்டா?
– வாசகர், கோவை

பதில்: உண்டு. அந்தப் பசை சயனோஅக்ரிலேட், ஃபெவிக்விக் வகையறா. அசிட்டோனில் இளகிக் கரையும். ஆனால் ரிம் நைலானாக இருந்தால்தான் அசிட்டோன் பக்கமே போகலாம். ஏபிஎஸ் பிளாஸ்டிக் குழைந்துவிடும், குரோம் பூச்சு உரிந்துவிடும். முதலில் ரிம்மின் உட்புறத்தில், கண்ணில் படாத இடத்தில், பஞ்சில் ஒரு சொட்டு தொட்டுத் தேயுங்கள். பிசுபிசுத்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

டயர் வேண்டாம் என்கிறீர்கள் அல்லவா? அப்படியானால் முழுச் சக்கரத்தையும் ஊறவைப்பது வீண்செலவு. டயரின் பக்கச்சுவரை வெட்டி, உள்ளிருக்கும் ஃபோமையும் எடுத்துவிடுங்கள். ஃபோம் அசிட்டோனைக் குடித்துத் தீர்த்துவிடும். ஒட்டிய விளிம்பு வளையம் மட்டும் மிஞ்சும். 83 மி.மீ. ரிம் நெருக்கமாக அடங்கும் மூடியுள்ள தகர டப்பா கிடைத்தால் அரை லிட்டர் போதும். ஓர் இரவு ஊறட்டும். பிறகு வளையத்தை மழுங்கிய ஸ்க்ரூடிரைவரால் கிளப்புங்கள். வராவிட்டால் இழுத்து மல்லுக்கட்டாமல் மறுபடி ஊறப்போடுங்கள். ரிம் விளிம்பு உடைவது பெரும்பாலும் இந்த அவசரத்தில்தான். அசிட்டோன் ஆவி சட்டென்று தீப்பிடிக்கும், அடுப்பு, ஊதுபத்தி எதுவும் அருகில் கூடாது. நெயில் பாலிஷ் ரிமூவர் வாங்கினால் அசிட்டோன் கலந்ததா என்று பார்த்து வாங்குங்கள்.

ஏபிஎஸ் ரிம் என்றால் வெந்நீர்தான் கதி. அதிலும் கொதிக்கும் நீரில் நெடுநேரம் போட்டால் ரிம் கோணிக்கொள்ளும். சில நிமிடம் போட்டு, கையுறையோடு கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்து, மறுபடி முக்குங்கள். சமையல் பாத்திரம் வேண்டாம்.

புது டயர் ஒட்டுமுன் ரிம்மின் பள்ளத்தில் படிந்த பழைய பசையைச் சுரண்டி, உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துவிடுங்கள். புது டயரின் விளிம்பில் அச்சுவார்ப்பு எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும். அதை ஆல்கஹாலால் துடைக்காமல் ஒட்டினால் முதல் ஓட்டத்திலேயே கழன்றுவிடும்.