பித்தளைத் தோட்டா கேஸ் ஏன் ரோஸ் கலர்ல வருது? வெட் டம்ப்ளிங்ல நிஜமா பளபளப்பு எங்கேர்ந்து வருதுன்னு பார்ப்போம்

சுட்டு முடிச்ச தோட்டாவோட காலிக் கூட்டை (கேஸ்) மறுபடி நிரப்புறதுக்கு முன்னாடி தண்ணி, சோப்பு, குட்டி ஸ்டீல் கம்பித் துண்டு (பின்) எல்லாம் போட்டு சுத்துற டிரம்முல கழுவுறதுதான் வெட் டம்ப்ளிங். அதைப் பத்தி வந்த கேள்வி சுருக்கமா இதுதான். "ரெண்டு மாசமா வெட் டம்ப்ளிங் பண்றேன், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பின் போட்டு நாலு மணி நேரம், சில நாள் ஆறு மணி நேரம்கூட ஓட்டுறேன், ரெண்டு டேபிள்ஸ்பூன் சிட்ரிக் ஆசிட், ரெண்டு மூணு சொட்டு பாத்திரம் கழுவுற லிக்விட். வெளிய எடுக்கும்போது பாதி கேஸ் மங்கலா சாம்பல் பூத்த மாதிரி, மீதி ரோஸ் கலர், காய்ஞ்சதும் புள்ளி புள்ளியா கறை. ஆசிட் பத்தலையா, இன்னும் கொஞ்ச நேரம் ஓட்டணுமா?"

ரெண்டுமே இல்லங்க, நேர்மாறா பண்ணணும். ஆசிட்டும் நேரமும் எக்கச்சக்கமா இருக்கு, சோப்பு இல்லவே இல்லன்னு சொல்லலாம், அலசுறதும் காய வைக்கிறதும் பத்தி நீங்க ஒரு வார்த்தை எழுதல. பாதி பிரச்சனை அந்த எழுதாத இடத்துலதான் இருக்கும்னு நினைக்கிறேன்.

முதல்ல டிரம்முக்குள்ள யாரு என்ன வேலை பாக்குறாங்கன்னு புரிஞ்சுக்கிட்டா அளவு எல்லாம் தானா விளங்கிடும். பின் வெறும் தேய்க்கிற ஆளு, கேஸ் வாய்க்குள்ளயும் பிரைமர் பாக்கெட் (அடியில மருந்தைப் பத்த வைக்கிற பிரைமர் உக்கார்ற குழி) மூலையிலயும் போய் கரியை நகட்டி விடும், அவ்ளோதான். நகட்டி விட்ட கரியை தண்ணியில மிதக்க விட்டு மறுபடி கேஸ் மேல உக்காராம புடிச்சு வச்சுக்கிறது சோப்பு. பித்தளை மேல படிஞ்சிருக்குற ஆக்ஸைடு பழுப்பை கரைக்கிறது ஆசிட். அதே ஆசிட் உப்புத் தண்ணியில இருக்குற கால்சியம், மெக்னீசியத்தையும் கட்டிப் போட்டுடும், அதனாலதான் கடின நீர் வர்ற இடத்துல ஒரு சிட்டிகை ஆசிட் போட்டதுமே சோப்பு நல்லா நுரைக்கும். இதுல சோப்பு குறைஞ்சா என்ன ஆகும், பின் பாடுபட்டு எடுத்த கரி அத்தனையும் திரும்ப கேஸ் மேலயே பூசிக்கும், நீங்க சொல்ற சாம்பல் மங்கல் அதுதான். இன்னும் ரெண்டு மணி நேரம் ஓட்டினா அழுக்குத் தண்ணியில இன்னும் ரெண்டு மணி நேரம் குளிக்கும், வேற ஒண்ணும் நடக்காது.

இப்ப ரோஸ் கலருக்கு வருவோம். தோட்டா கேஸுக்குப் போடுற பித்தளை பெரும்பாலும் 70 சதவீதம் செம்பு, 30 சதவீதம் துத்தநாகம். ஆசிட் அதிகமாகி, நேரமும் அதிகமாச்சுன்னா மேல்பரப்புல துத்தநாகம் முதல்ல கழண்டு தண்ணிக்குப் போயிடும், செம்பு மட்டும் மிச்சம் நிக்கும், அந்த செம்பு நிறம்தான் உங்க கண்ணுக்கு ரோஸா தெரியுது. லேசா மேலோட்டமா இருந்தா பாக்கத்தான் அசிங்கம், கேஸுக்கு ஒண்ணும் ஆகல. ஆனா ஆசிட் தண்ணியில ராத்திரி முழுக்க ஊறி திட்டு திட்டா அடர் சிவப்பா ஆன கேஸ் வேற விஷயம், அதுக்கு கடைசியில வர்றேன்.

அளவு சொல்லிடுறேன். 15 பவுண்டு தாங்குற ரோட்டரி டம்ப்ளருக்கு ரொம்ப நாளா புழக்கத்துல இருக்குற கணக்கு ஒண்ணு இருக்கு: பின் 5 பவுண்டு, கேஸ் 2 பவுண்டு, தண்ணி 1 கேலன். தண்ணியே 8 பவுண்டு ஆச்சா, மொத்தம் 15, கணக்கு சரியா நிக்குது. நம்ம அளவுல பின் 2.3 கிலோ, கேஸ் 900 கிராம், தண்ணி 3.8 லிட்டர். 900 கிராம்னா .223 ரைஃபிள் கேஸ் சுமார் 150 வரும், 9 எம்எம் பிஸ்டல் கேஸ்னா 230 பக்கம் வரும். ஆசையா 400 கேஸை அமுக்கி விட்டா உள்ள எதுவும் புரளாது, மொத்தமா ஒரே கட்டியா சுத்தும், பின்னுக்கு நகர இடமே இருக்காது. டிரம் ஓடும்போது காது குடுத்துக் கேளுங்க, சரசரன்னு மழை பெய்ற மாதிரி தொடர்ச்சியா சத்தம் வரணும், தொப்பு தொப்புன்னு விழுந்தா தண்ணியோ கேஸோ அளவு தப்புன்னு அர்த்தம்.

இந்த தண்ணிக்கு சிட்ரிக் ஆசிட் கால் டீஸ்பூன் போதும். ஆமா, டீஸ்பூன்ல கால்வாசி. ஸ்பூனைத் தேடவே வேணாம், ஒரு காலி 9 எம்எம் கேஸை எடுத்து தலை தட்டா ஆசிட் பொடியை அள்ளுங்க, அது கால் டீஸ்பூனுக்கு கொஞ்சம் கம்மியா இருக்கும், நான் இதையேதான் அளவுகோலா வச்சிருக்கேன், தண்ணி ரொம்ப கடினமா இருந்தா ரெண்டு கேஸ். நீங்க போட்ட ரெண்டு டேபிள்ஸ்பூன்ங்கிறது 6 டீஸ்பூன், கால் டீஸ்பூன் கணக்குல 24 மடங்கு! கேஸ் ரோஸ் ஆகாம என்ன பண்ணும். சோப்பு ஒரு டேபிள்ஸ்பூன் தாராளமா ஊத்துங்க, சாதா பாத்திரம் கழுவுற லிக்விட் போதும், ஆனா லேபிளைப் படிச்சுப் பாருங்க, அதுல அம்மோனியாவும் இருக்கக் கூடாது, குளோரின் பிளீச்சும் இருக்கக் கூடாது. பிளீச்சும் ஆசிட்டும் சேர்ந்தா குளோரின் வாயு வரும், அதை மூடின டிரம்முக்குள்ள உருவாக்கிட்டு மூடியைத் திறந்து மூஞ்சியை நீட்டுற வேலை வேணாம்.

அம்மோனியா ஏன் ஆகாதுன்னா அதுக்கு ஒரு பழைய கதையே இருக்கு. பிரிட்டிஷ் காலத்துல இந்தியாவுல ராணுவத்தோட தோட்டாக்களை மழைக்காலம் முடியிற வரைக்கும் குதிரை லாயத்துல அடுக்கி வச்சிருக்காங்க, மழை விட்டு எடுத்துப் பாத்தா குண்டை இறுக்கிப் பிடிச்சிருக்குற கழுத்துப் பக்கம் பல கேஸ் விரிசல் விட்டிருந்துச்சு. இதுக்கு 'சீசன் கிராக்கிங்'னு பேர். காரணம் 1921லதான் தெளிவாச்சு, குதிரை மூத்திரத்துலேர்ந்து வர்ற அம்மோனியாவும், பித்தளையை இழுத்து வடிவமாக்கினப்ப அதுக்குள்ள தங்கிப்போன அழுத்தமும் சேர்ந்து பண்ணின வேலை. ஆக அம்மோனியா கலந்த மெட்டல் பாலிஷை கேஸ் மேல தேய்ச்சு மினுக்குறது பாக்க நல்லா இருக்கும், உள்ள என்ன ஆகும்னு தெரியாது. கூடவே கூடாது.

நேரம் ஒண்ணரை மணியிலேர்ந்து ரெண்டு மணி. அதுக்கு மேல போனா பளபளப்பு கூடுறதில்ல, கேஸுங்க ஒண்ணோட ஒண்ணு முட்டி முட்டி வாய் விளிம்பு நசுங்கி லேசா உருண்டு தடிச்சுப் போயிடும். விரல் நகத்தை வாய் விளிம்புல வச்சு உள்ளேர்ந்து வெளிய இழுத்துப் பாருங்க, நகம் மாட்டுச்சுன்னா ஓவரா ஓட்டிட்டீங்க, சேம்ஃபர் டூல் வச்சு வாயை மறுபடி சீவ வேண்டியதுதான். ரொம்ப கரி பிடிச்ச கேஸா இருந்தா நீளமா ஒரே ஓட்டு ஓட்டாதீங்க, முதல்ல வெறும் சோப்புத் தண்ணியில அரை மணி ஓட்டி அந்தக் கருப்புத் தண்ணியை மாத்திட்டு, புதுத் தண்ணி, சோப்பு, ஆசிட்னு ஒரு மணி நேரம் ஓட்டுங்க. முடிஞ்சதும் மூடியைத் திறந்தா தண்ணி கருப்பா இருக்கும், பரவால்ல, ஆனா மேல நுரை இன்னும் நிக்கணும். நுரை செத்துப் போயிருந்தா அடுத்த தடவை சோப்பைக் கூட்டுங்க.

இதுக்கெல்லாம் முன்னாடி செய்ய வேண்டிய சில்லறை வேலை சிலது இருக்கு. பிரைமரைத் தட்டி எடுத்துட்டுத்தான் போடணும், இல்லன்னா பாக்கெட் சுத்தமாகாது, தண்ணியும் உள்ள மாட்டிக்கும். ஸ்டீல் கேஸ், அலுமினிய கேஸ் எதுவும் கலந்துடாம பொறுக்கிடுங்க, நாலு அலுமினிய கேஸ் இருந்தாலே தண்ணி முழுக்க கருஞ்சேறாகி பித்தளையையும் கெடுக்கும். சைஸ் வாரியா பிரிக்கலன்னா 9 எம்எம் போய் .45க்குள்ள சொருகிக்கிட்டு ரெண்டும் கழுவப்படாம வரும். நிக்கல் பூசின கேஸை அதிகமா ஓட்டாதீங்க, பூச்சு உரியும். புது பின் வாங்கினா முதல்ல கேஸ் இல்லாம சோப்புல ஒரு ஓட்டு ஓட்டி அதுல இருக்குற எண்ணெயைப் போக்கிடுங்க. குண்டும் வெடிமருந்தும் உள்ள தோட்டா ஒண்ணுகூட அந்தக் குவியல்ல இருக்கக் கூடாதுன்னு நான் சொல்லித்தான் தெரியணுமா, இருந்தாலும் ஒவ்வொண்ணா கையில எடுத்துப் பாத்துதான் போடுங்க.

இப்ப அலசுறது. என் சொந்த அனுபவத்துல இங்கதான் நிறைய கேஸ் பாழாச்சு. ஒரு தடவை டம்ப்ளர் டைமர் நின்னதும் காலையில பாத்துக்கலாம்னு தூங்கப் போயிட்டேன், காலையில திறந்தா ராத்திரி பளபளன்னு இருந்திருக்க வேண்டியது எல்லாம் பழுப்பும் கருப்புமா திட்டு அடிச்சு கெடக்கு. சுத்துறது நின்னதும் கரி கீழ இறங்கி கேஸ் மேல படியும், ஆசிட்டும் சும்மா இருக்காது. அதனால நின்ன உடனே திறங்க, அழுக்குத் தண்ணியை வடிங்க, வடியிற தண்ணி தெளிவா வர்ற வரைக்கும் அலசிக்கிட்டே இருங்க, மூணு நாலு தடவை ஆகும். பின் பிரிக்க சல்லடைக் கூடையை ஒரு பக்கெட் தண்ணிக்குள்ள முக்கி சுத்தினா பின் தானா கீழ கொட்டிடும், காத்துல சுத்தினா ஈரத்துல பின் ஒட்டிக்கிட்டு உயிரை வாங்கும். கம்பியா இழுத்த ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் லேசா காந்தத்துல ஒட்டும், தரையில சிதறினதை காந்தத்தால கூட்டி எடுத்துடலாம்.

ஒவ்வொரு கேஸையும் வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சு வாய் வழியா பாருங்க, கீழ ஃப்ளாஷ் ஹோல், அதாவது பிரைமர் நெருப்பு கேஸுக்குள்ள போற ஓட்டை, ஒரு முழு வட்டப் புள்ளியா தெரியணும். சாதாரண ஃப்ளாஷ் ஹோல் 0.080 இன்ச், ரொம்பப் பேர் வச்சிருக்குற பின் 0.041 இன்ச் தடிமன், ரெண்டு பின் பக்கத்துல பக்கத்துல சேர்ந்தா 0.082, ஓட்டை மயிரிழை பெருசா இருந்தாலும் ஜோடியா போய் ஆப்பு அடிச்ச மாதிரி இறுகிடும். 0.047 பின் வாங்கினா இந்தத் தலைவலி விட்டுது, ரெண்டு சேர்ந்து நுழையவே முடியாது.

கடைசி அலசல் டிஸ்டில்டு வாட்டர்ல இருக்கட்டும், அது இல்லன்னா துண்டால தண்ணியை எடுத்தே ஆகணும். புள்ளிக் கறைங்கிறது வேற ஒண்ணுமில்ல, குழாய்த் தண்ணி சொட்டு காய்ஞ்ச இடத்துல விட்டுட்டுப் போற உப்பு. பழைய டவலை நீளமா விரிச்சு நடுவுல கேஸைக் கொட்டி, ரெண்டு முனையையும் ரெண்டு கையில பிடிச்சுக்கிட்டு தொட்டில் ஆட்டுற மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருட்டுங்க, ஒரு நிமிஷத்துல வெளிய இருக்குற ஈரம் எல்லாம் துணிக்குப் போயிடும். அப்புறம் வெயில்லயோ ஃபேன் காத்துலயோ ஒரு நாள் முழுக்க. அவசரம்னா ஓவன் வேணாம்னு சொல்ல மாட்டேன், ஆனா 90 டிகிரி செல்சியஸ் தாண்டாதீங்க, சாப்பாடு செய்ற ஓவனாவும் இருக்கக் கூடாது. உள்ள ஒரு சொட்டு ஈரம் இருந்தாலும் வெடிமருந்து நமுத்துப் போகும், அதனால வெளிய காய்ஞ்சதை வச்சு முடிவு பண்ணாதீங்க, வாய்க்குள்ள பஞ்சு சொருகிப் பாருங்க.

சாப்பாட்டு ஓவன் ஏன் கூடாதுன்னா, பெரும்பாலான பிரைமர்ல ஈய உப்பு இருக்கு, அந்தக் கருப்புத் தண்ணியில ஈயம் இருக்கு. உலர் டம்ப்ளிங்ல தூசியா பறந்து மூக்குக்குள்ள போகும், வெட்ல அந்தத் தொல்லை இல்ல, எனக்கு வெட் புடிச்சதுக்கு பளபளப்பை விட இதுதான் பெரிய காரணம். ஆனா கையுறை போடுங்க, சமையலறை சிங்க்ல அலசாதீங்க, அந்தத் தண்ணியை தோட்டத்துல செடிக்கு ஊத்தாதீங்க, அபாயக் கழிவு வாங்குற இடத்துல குடுத்துடுங்க.

ஒரு விஷயம், கேஸ் உள்ளயும் கண்ணாடி மாதிரி ஆயிட்டா கழுத்துல குண்டை உக்கார வைக்கும்போது கிறீச்சுனு இறுகும், ஒண்ணு லேசா போகும் ஒண்ணு முறைக்கும். கழுத்துல கொஞ்சம் கரி இருந்தா அதுவே மசகு மாதிரி வேலை பாக்கும், அதை நாம கழுவிட்டோம், அதனால கழுத்துக்குள்ள கிராஃபைட் பொடி ஒரு தொடு தொட்டு எடுங்க. பளபளப்பு நிலைக்கணும்னா சோப்போட கார் கழுவுற வாக்ஸ் கலந்த ஷாம்பூ கொஞ்சம் சேத்துக்கலாம், மெல்லிசா ஒரு படலம் விட்டு வைக்கும், சீக்கிரம் கறுக்காது. சுடுறதுக்கு இந்தப் பளபளப்பு எதுவும் தேவையில்லன்னு சிலர் சொல்றது சரிதான், ஆனா அடிப்பக்கம் சுத்தி ஓடுற மெல்லிய வெளிர் கோடு, அதாவது கேஸ் பிளக்கப் போகுதுங்கிற அறிகுறி, சுத்தமான பித்தளையிலதான் சட்டுனு கண்ணுல படும்.

கையில இருக்குற ரோஸ் கேஸை தூக்கிப் போட்டுடாதீங்க. புதுத் தண்ணி, ஒரு டேபிள்ஸ்பூன் சோப்பு, கால் டீஸ்பூன் ஆசிட், பின் போட்டு அரை மணி நேரம் ஓட்டி உடனே அலசிடுங்க, மேலோட்டமான ரோஸ் பெரும்பாலும் போயிடும். அதுக்கப்புறமும் திட்டு திட்டா சிவப்பு நிக்குற கேஸ், நகத்தால சுரண்டினா குழி குழியா சொரசொரன்னு படுற கேஸ், இதை மட்டும் தனியா எடுத்து பிளையர்ல வாயை நசுக்கி பழைய பித்தளை டப்பாவுல போட்டுடுங்க, நசுக்காம போட்டா என்னைக்காவது ஒரு நாள் அது திரும்ப நல்ல குவியலுக்கே வந்து சேரும்.